கழுவாத தூக்குப்போசி

என் சாமி நல்லம்மாக்கா,

நீ போய் ஒரு வருசம் ஆகப் போகிறது. இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் உன்னைப் பற்றி நான் பேச வேண்டும் என்றார்கள். என்னால் முடியாது. முட்டி வலி ஒரு பக்கம். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்பது இன்னொரு பக்கம். அதனால் எழுதுகிறேன், நம் கூட்டத்து மல்லிகா எல்லாருக்கும் படித்துக் காட்டுவாள்.

"போன்ல பேசுங்க அம்மாயி, அதுவே எழுதிக்கும்" என்றாள் பேத்தி. சேலத்தில் நர்சிங் மூன்றாம் வருசம் படிக்கிறாள். யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிட்டேன், பார். "பேத்தி புராணத்தத் தொடங்கிட்டயா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. இருக்கட்டும். உனக்குச் சொல்ல வேண்டியதைப் போனுக்குச் சொல்ல மனசு வரவில்லை. அஞ்சாவது படித்த கையெழுத்துதான், ஆனாலும் என் கை.

அக்கா, எனக்கு அலுத்துப் போய்விட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டதால் தாய்மார் கூட்டம் இப்போது பால் சொசைட்டியில் நடக்கிறது. காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவில் அந்தக் கட்டடம் சும்மாதான் கிடக்கிறது. கழுவிவிட்ட தரையில் ஈரம் காயாது. பாய் மேல் பாய் போட்டுப் பச்சைப் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். போன மாதம் மல்லிகா ஒரு பிள்ளையைத் தூக்கிப் பால் தராசில் வைத்து எடை பார்த்தாள். செயலாளர் ஓடி வந்தார்.

"ஏம்மா, பால் எடை போடறதுல புள்ளைய வெக்கறீங்களே!"

"இதுவும் பால் குடிச்சு ஏறுன எடைதானுங்க. கொழுப்பு எவ்வளவுன்னு அந்த மிசின்ல பாத்துச் சொல்லுங்க" என்றாள் மல்லிகா.

அவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இதை உன்னிடம் வந்து சொல்ல முடியாதே என்றிருந்தது.

கூட்டத்துக்குப் புதிதாக நாலு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன். உன் முதல் பிரசவத்தின்போது உன் அம்மா இல்லை. தாய் வீடு என்று ஒரு கதவு இல்லை. பிள்ளை பெத்த மூன்றாம் நாள் நீயே அடுப்பு பற்ற வைத்ததாகச் சொல்லியிருக்கிறாய். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கூட்டம். தாய் வீட்டுக்குப் போக முடியாத பெண் எவள் பிள்ளை பெத்தாலும், நாற்பது நாளைக்கு, நாளுக்கு ஒருத்தியாக நாம் பத்தியச் சோறு ஆக்கி அனுப்புவது. மிளகுக் குழம்பு, பூண்டு, சீரக ரசம், எல்லாம் மூடி போட்ட ஒரே தூக்குப்போசியில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கி.

நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். போசியைக் கழுவாமல் திருப்பித் தர வேண்டும். சாயங்காலம் அது உன் வீட்டுக்கு வரும். நீ மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்து, டாக்டர் மாதிரி பார்ப்பாய். "ரசம் மட்டும் எறங்கியிருக்குது, சோறு அப்பிடியே கெடக்குது. நாளைக்குக் குழையக் கரைச்சுக் குடு பாவாயி" என்பாய். இன்னொரு நாள், "இவ ஒரு கை கூட வெக்கல. நான் போயிப் பாத்துட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டுவாய். போய் என்ன பேசினாய் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. என்ன பேசுவாய் அக்கா? அதையாவது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே.

உனக்குப் பிறகு என்னைத் தலைவி ஆக்கினார்கள். போசி என் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. ஒரு நாள் என் சம்பந்தி வந்திருந்தாள். குழாயடியில் எறும்பு மொய்த்துக் கிடந்த போசியைப் பார்த்து, "ஊரு எச்சப் பாத்திரமெல்லாம் உங்க ஊட்டுக்குத்தான் வருதுங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்கு உடம்பு கூசிப்போனது. என் வீட்டுப் பாத்திரத்தில் முகம் பார்க்கலாம் என்று பேர் வாங்கினவள் நான்.

அடுத்த சனிக்கிழமையே சொல்லிவிட்டேன், இனிமேல் கழுவித்தான் தர வேண்டும் என்று.

"நல்லம்மாக்கா வேண்டாம்னுதானே சொல்லுச்சு?" என்றாள் மல்லிகா.

"அது அவ ஊட்டுப் பழக்கம். என்ற ஊட்டுக்குன்னு ஒரு சுத்தம் இருக்குது" என்றேன்.

இதைத்தான் சொன்னேன், அக்கா. உன் பெயர் சொல்லிக் கூடிய கூட்டத்தில், இதே வாயால்.

அதற்குப் பிறகு போசி பளபளவென்று வந்தது. அதுவும் வெறும் போசி வரவில்லை. நம் பக்கம் கழுவின பாத்திரத்தை யார் வெறுமனே திருப்பித் தருவார்கள்? ஒருத்தர் வீட்டிலிருந்து ஒரு பிடி சர்க்கரை, இன்னொரு வீட்டிலிருந்து ரெண்டு வாழைப்பழம். எனக்குப் பெருமையாக இருந்தது. பார், எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சுகன்யா பிள்ளை பெத்தாள். ஆத்தூர் பக்கத்துப் பெண். விரும்பிக் கட்டிக்கொண்டதால் பெத்தவர்கள் முகம் பார்ப்பதில்லை. புருசன் ரிக் வண்டியில் வடக்கே போர்வெல் போடப் போயிருக்கிறான். வீட்டில் மாமியார் செல்லாயி, ஒரு எருமை, இவள், பச்சைப் பிள்ளை. அவ்வளவுதான். தினமும் போசி கழுவி, உள்ளே ஒரு அச்சு வெல்லம் வைத்து வந்தது. செல்லாயியை வழியில் பார்த்தால், "நல்லாச் சாப்புடறாளுங்க" என்பாள். நானும் கூட்டத்தில் அந்த வெல்லத்தை எடுத்துக் காட்டி, மாமியார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசினேன்.

இருபத்தாறாம் நாள் என் முறை. போசியைக் கொடுத்துவிட்ட பிறகு பார்த்தால் ரசக் கிண்ணம் அடுப்போரத்திலேயே இருக்கிறது. வயதாகிவிட்டது, வேறென்ன. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். முன்கதவு சாத்தியிருந்ததால் பின்பக்கமாகப் போனேன். அங்கே செல்லாயி என் சோற்றையும் குழம்பையும் எருமையின் கழனித்தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லின் மேல் ஒரு அச்சு வெல்லம் தயாராக இருந்தது.

என்னைப் பார்த்ததும் போசியை முந்தானையால் மூடினாள்.

"ஏனுங்க செல்லாயி, இது என்ன?"

"அவ திங்கறதில்லீங்க. மொத நாள்ல இருந்தே இப்பிடித்தான். ஒரு வா, ரெண்டு வா, அவ்வளவுதானுங்க. சோத்த அப்பிடியே திருப்பி அனுப்புனா நான் மருமகளப் பட்டினி போடறேன்னு ஊரு பேசாதுங்களா? நீங்கதான் கழுவித் தரச் சொன்னீங்களாமா."

நீங்கதான் சொன்னீங்க. ரசக் கிண்ணத்தை அந்த வெல்லத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன்.

உள்ளே சுகன்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை அழுது அழுது குரல் கம்மிக் கிடந்தது. அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏஞ்சாமி?" என்றேன்.

"அது அழுவுறது கேக்குது பாட்டி. எடுக்கணும்னு தெரியுது. கை வர மாட்டேங்குது" என்றாள்.

நான் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அப்புறம் அவள், "எங்கம்மா செஞ்சிருந்தா, உப்பு இல்லன்னு தட்ட நகத்திருப்பேன். திட்டிக்கினே வேற செஞ்சு எடுத்தாரும். நீங்கள்லாம் யாரோ, எனக்காக அடுப்புல வேகுறீங்க. உங்க சோத்துல என்னான்னு நான் குத்தம் சொல்றது?" என்றாள்.

நாம் இத்தனை வருசம் தாய் வீட்டுச் சோறு அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருந்தோமே, அக்கா. நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனது இதற்குத்தானா?

பேத்திக்குப் போன் செய்தேன். "இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க அம்மாயி, நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றாள். மல்லிகா வண்டி பிடித்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் குறைவு என்றார்கள். மனசுக்கும் வைத்தியம் வேண்டும், பிள்ளை பெத்தவர்களுக்கு இப்படி வருவது உண்டு, இது வீம்பும் இல்லை பேயும் இல்லை என்று செல்லாயியை உட்கார வைத்துச் சொன்னார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று அவர்கள் தொடங்கியதை நான் கேட்க விரும்பவில்லை. வெளியே போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நினைப்பு. உன் கடைசி மாதத்தில் நான் உனக்குத் தினமும் கஞ்சி கொடுத்துவிட்டேன். போசி கழுவித்தான் வந்தது. நீ குடித்தாயா? எனக்கு மனசு நோகக்கூடாது என்று யாராவது கழுவிவிட்டார்களா? யாரையும் குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை கூட்டத்தில் என் தப்பைச் சொல்லிவிட்டேன். இனி போசியைக் கழுவ வேண்டாம், வெல்லமும் வைக்க வேண்டாம் என்றேன். தலைவி பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், என்னால் முடியவில்லை என்றும் சொன்னேன். மல்லிகாதான், "எச்சப் போசியப் பாத்து ஒரு சம்பந்தியம்மா பேசுனதுக்கு, நீங்க உட்டுட்டுப் போயி எங்களுக்கெல்லாம் தண்டனைங்களா?" என்றாள். அவள் வாய் உனக்குத் தெரியும். பொறுப்பு என் தலையிலேயே நின்றுவிட்டது.

சுகன்யா மாத்திரை சாப்பிடுகிறாள். ஒரு நாள் எழுந்து உட்காருகிறாள், மறுநாள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுகிறாள். ஒரே நாளில் சரியாகிற காரியம் இல்லை என்கிறாள் பேத்தி. இதையெல்லாம் எழுதட்டுமா என்று சுகன்யாவிடமே கேட்டேன். "எழுதுங்க பாட்டி. ஆனா, பாவம் அந்தப் பொண்ணுன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். எழுதவில்லை.

நேற்று மறுபடி என் முறை. சாயங்காலம் செல்லாயியே போசியைக் கொண்டுவந்தாள். வாசலில் நின்றபடி கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"கழுவலீங்க."

"கழுவ வேண்டாம்னுதான் சொன்னோம்."

"அதில்லீங்க. அவ ஒண்ணு சொல்லிவிட்டா. எனக்குச் சொல்லவே கூச்சமா இருக்குது, கோவிச்சுக்காதீங்க. கொழம்புல உப்புப் பத்தலியாமா. ரசத்துல புளி சாஸ்தியாமா."

மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், அக்கா. பாதிச் சோறு கிடந்தது. மீதிப் பாதி இருந்த இடத்தில் போசியின் அடி வரைக்கும் விரல் வழித்த தடம் இருந்தது. எறும்பு ஏறுகிற வரைக்கும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இன்னும் அலுப்புதான். முட்டியும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நாளைக்கு என் முறை இல்லாவிட்டாலும் அவள் வீட்டுக்கு நானே போகிறேன், என்ன பேசுவது என்று தெரியாமலே. உப்பைத் தூக்கலாகப் போட்டுக்கொண்டு போகிறேன். அதற்கும் அவள் குறை சொல்லட்டும், திட்டிக்கொண்டே வேறு செய்து தருகிறேன். என் கால் நடக்கிற வரைக்கும், யார் வந்து பார்த்து எப்படிச் சிரித்தாலும், என் குழாயடியில் கழுவாத போசிதான் கிடக்கும். இது உன்மேல் ஆணை.

கூடப் பிறக்காமலே நீ தங்கச்சி என்று கூப்பிட்ட,
உன் பாவாயி