நான் தேர்ந்தெடுத்த வெள்ளிக்கிழமை

அண்ணா,

நேற்று இங்கே டல்லாஸ் பக்கத்து இர்விங்கில் ஒரு பிறந்தநாள் விருந்து. பிரியாணி ட்ரேயைச் சுற்றி நாங்கள் நிற்க, டிவியில் ஃப்ளோரிடா கரையில் ஒரு படகு வந்தது. ஆரஞ்சு மிதவை அங்கி போட்ட ஆட்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லையை எப்படிக் காப்பது என்று திரையில் இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சொன்னார்: "நாம வருஷக்கணக்கா லைன்ல நின்னு வந்தோம். இவனுங்க போட்ல குதிச்சு வந்துடறானுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அந்த லைனில் நின்று கிரீன் கார்டு வாங்கியவன்தான். இந்த வாதத்தை எத்தனை விருந்தில் கேட்பது? வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

நீங்களும் அப்படி ஒரு படகில் வந்தவர்தானே. பஹாமாஸில் ஏறியதிலிருந்து கரை தட்டும்வரை வாந்தி எடுத்த கதையைச் சொல்லிச் சிரிப்பீர்கள். "முல்லைத்தீவுக் கடல்காரனுக்கு இது வெக்கம் தம்பி." என் அபார்ட்மெண்டுக்கு எதிரே இருந்த கேஸ் ஸ்டேஷனில் நீங்கள் கல்லாவில் இருந்தீர்கள். பால் வாங்க வந்தவன் உங்கள் தமிழைக் கேட்டு நின்றுவிட்டேன்.

வக்கீல் கிடைக்கவில்லை. அடைக்கலம் கேட்கும் படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். வழக்கு ஜெயித்தால் வவுனியாவில் இருக்கும் அண்ணியையும் மகளையும் கூப்பிடலாம் என்பதுதான் உங்களுக்கு எல்லாம்.

உங்கள் தம்பியைச் சீருடைக்காரர்கள் கொண்டுபோன நாள் எது என்று படிவம் கேட்டது. "வெள்ளிக்கிழமை எண்டு மட்டும் தெரியும். மாரி முடியிற நேரம். திகதி ஞாபகம் இல்லை," என்றீர்கள். எனக்குத்தான் காலிப் பெட்டியைக் கண்டால் ஆகாதே! ரெஸ்யூமேயில் ஒரு மாத இடைவெளி இருந்தாலே துருவுவார்கள் என்று பயந்து பயந்து வளர்ந்த ஐ.டி. ஜாதி நாங்கள். "கேப் விடக்கூடாதுண்ணா," என்று லேப்டாப்பில் அந்த வருஷக் காலண்டரைத் திறந்து, பிப்ரவரியில் ஒரு வெள்ளியைத் தேர்ந்தெடுத்துத் தட்டினேன். "அதே வெள்ளியோ தெரியாது தம்பி," என்று இழுத்தீர்கள். நான் கேட்கவில்லை.

அவ்வளவு கெட்டிக்காரனான நான், நிரப்ப உதவியவர் பெயர் கேட்ட பெட்டியை மட்டும் காலியாக விட்டேன். என் கிரீன் கார்டு அப்போது இன்னும் வரவில்லை. என் பெயர் இருந்தால் அது கெட்டுவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன.

கரையில் பிடிபட்ட அன்று, தம்பியைக் கொண்டுபோனது ஜனவரி என்று நீங்கள் சொன்னது அவர்கள் காகிதத்தில் இருந்திருக்கிறது. டல்லாஸ் கோர்ட்டில் அரசாங்க வக்கீல் இரண்டையும் தூக்கிக் காட்டி, இந்தத் தேதியை யார் கொடுத்தது என்று கேட்டார். கடைசி பெஞ்சில் நான் குனிந்துகொண்டேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான். வேற ஆரும் இல்லை."

நீங்கள் சொன்னதை நம்ப முடியவில்லை என்று தீர்ப்பு வந்தது. காரில் ஏறியதும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுங்கோ தம்பி, பசிக்குது," என்றீர்கள். அப்பீல் போட்டோம். அது வருஷக்கணக்காக இழுத்தது. அதன் முடிவு வருமுன் நெஞ்சு வலி வந்துவிட்டது. உங்கள் தகனத்தை என் போன் வழியாகத்தான் அண்ணியும் மகளும் பார்த்தார்கள்.

இன்று காலை மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "தான் திகதியைப் பிழையாச் சொன்னதாலதான் எங்களைக் கூப்பிட ஏலாமப் போச்சு எண்டு அப்பா போன் எடுக்கிற ஒவ்வொரு முறையும் அழுவார், மாமா. எனக்குக் கனகாலம் அவரில கோவம். இப்ப மன்னிச்சிட்டன்."

கோர்ட்டில் சொன்னதை வீட்டிலும் சொல்லியிருக்கிறீர்கள். பெற்ற பிள்ளை கோபித்துக்கொண்டபோதும் மாற்றிச் சொல்லவில்லை.

அந்தத் தேதியைப் போட்டது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது எனக்கு எந்தக் கார்டும் போய்விடாது. ஆனாலும் "சந்தோஷம்மா" என்றுதான் சொன்னேன், அண்ணா.