பட்டியலில் இல்லாதவள்

பிப்ரவரி 9

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். நீயும் உன் அக்காவும் சகலையும் நலம் என்றே நம்புகிறேன்.

பதினேழு முறை போன் செய்தேன். பதினெட்டாவது முறை உன் அக்கா எடுத்து, "அவ பேச மாட்டாளாம். எழுதினா படிப்பாளாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பில் புத்தகத்தைத் தவிர வேறெதிலும் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு நம் ஓட்டலில் நறுக்கும் மேசைக்கு ஆளில்லை. மாஸ்டரே வெங்காயம் நறுக்குகிறார். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் ஒரு முறை தலையை நிமிர்த்தி என்னைப் பார்க்கிறார். சமையல்காரர் கையில் கத்தியோடு பார்த்தால் சூப்பர்வைசரான எனக்கு எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

முதலாளி உன்னை விசாரித்தார். "அக்கா வீட்டுக்குப் போயிருக்கா, ரெண்டு நாள்ல வந்துடுவா" என்றேன். இன்றோடு பத்தொன்பது நாள்.

என் மேல் உனக்கு என்ன கோபம் என்று புரியவில்லை. சம்பளம்தான் என்றால், எல்லாருக்கும்தானே ஏழு மாதமாக வரவில்லை. இரண்டாவது கடை திறந்து முதலாளி மாட்டிக்கொண்டுவிட்டார் பாவம். மனசில் கள்ளம் இல்லை. அடுத்த மாதம் கண்டிப்பாகக் கிடைத்துவிடும்.

எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உன் கணவன்

•

பிப்ரவரி 15

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. போனில் பேச மாட்டேன் என்றதற்குக் காரணம் உண்டு. பேசினால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். உட்கார இடமில்லாத நேரத்தில் பசியோடு வருகிறவரைக்கூட அரைமணி நேரம் சிரித்துக்கொண்டே நிற்க வைக்கிற வாய் உங்களுடையது. எழுத்தில் அந்த வாய் வராது. வந்தாலும் நான் இன்னொரு முறை படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கோபம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன மாதம் சமையலறைப் பின்கதவில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம். நீங்கள் வந்தீர்கள். நெஞ்சில் கை வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொருவரிடமும் சொன்னீர்கள்: "அடுத்த மாசம் கண்டிப்பா கெடச்சிடும்மா. நான் பொறுப்பு." ஐந்தாவதாக நின்றது நான். எனக்கும் அதே கை, அதே தலை, அதே 'அம்மா'. பாத்திரம் கழுவும் அக்கா, "என்னடி, கட்டினவளையே அம்மாங்கறாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதெல்லாம் கோபமில்லை.

முதலாளி கேட்டாரென்று நீங்கள் எழுதிய சம்பளப் பாக்கிப் பட்டியலைப் பார்த்தேன். பதினோரு பெயர். கடையில் வேலை செய்வது பதின்மூன்று பேர். உங்கள் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. கேட்டதற்கு, "நம்ம வீட்டு விஷயம்தானே, அவருக்குத் தொகை பெருசா தெரிய வேணாம்னு விட்டேன்" என்றீர்கள்.

உங்கள் பெயரை விட்டுவிட உங்களுக்கு உரிமை உண்டு. என் பெயரை விட்டுவிட யாரைக் கேட்டீர்கள்?

வீட்டில் நான் உங்கள் மனைவி. காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை மனைவி இல்லை. ஏழு மாதம் அங்கே நின்று நறுக்கியது நான். இரண்டு விரலில் தழும்பு இருக்கிறது. அந்த வேலையே நடக்கவில்லை என்பது போல ஒரு காகிதத்தை எழுதி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள்.

அன்றுதான் பையை எடுத்தேன்.

இப்படிக்கு,
நறுக்கும் மேசை ஆள்

•

பிப்ரவரி 22

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால், உன்னிடம் பேசும்போது வருகிற எதுவும் வரவில்லை. நீ சொன்னது சரிதான், எழுத்தில் எனக்கு வாய் இல்லை. அதனால் செய்தியை மட்டும் சொல்கிறேன்.

பாத்திரம் கழுவும் அக்கா தையல்காரரிடம் துணி வாங்கப் போன இடத்தில், "கூலி அப்புறம் தரேண்ணே, ஏழு மாசமா சம்பளம் இல்ல" என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஆச்சரியம். தினமும் மதியம் நம் கடையில்தான் சாப்பிடுகிறார், மூன்றாம் மேசை. அவர் போய் அதே மேசையில் சாப்பிடும் ரிட்டயரான டீச்சரிடம் சொல்ல, டீச்சர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது தினமும் மதியம் கடைக்கு எதிரே முப்பது நாற்பது பேர் நிற்கிறார்கள். "எங்களுக்குச் சமைத்தவர்களுக்குச் சம்பளம் கொடு" என்று அட்டையில் எழுதியிருக்கிறது. டீச்சர் கையெழுத்து, அச்சடித்த மாதிரி. எல்லாரும் நம் வாடிக்கையாளர்கள். யாருக்கு உப்பு குறைய வேண்டும், யாருக்கு சர்க்கரை ஆகாது என்று எனக்கு அத்துப்படி. அவர்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்க்கும்போது கண்ணாடிக் கதவைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

எனக்கு ஒரு பட்டப்பெயரும் வந்துவிட்டது. 'அடுத்த மாசம்.' கடைக்கு நடந்து போனால், "அடுத்த மாசம் போறாரு பாரு" என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். முதலாளி ஒரு காகிதம் தயார் செய்திருக்கிறார், டிசம்பர் வரை எல்லாருக்கும் சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

என்னை மேசை துடைக்கச் சேர்த்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தவர். அது உனக்கும் தெரியும்.

இப்படிக்கு,
உன் கணவன்

•

பிப்ரவரி 25

வணக்கம்.

இது வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைக்க வேண்டும் என்று அத்தானை சைக்கிளில் தபால் நிலையத்துக்கு விரட்டுகிறேன்.

அவர் உங்களை வளர்த்துவிட்டார், உண்மை. நன்றி இருக்கட்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் சம்பளத்தில் வேண்டாம். பாத்திரம் கழுவும் அக்கா சம்பளத்தில் வேண்டாம். என்னுடையதில் வேண்டவே வேண்டாம்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம். திட்டி எழுதவில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று அக்கா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நறுக்கும் மேசை ஆள்

•

மார்ச் 2

அன்புள்ள உனக்கு,

கையெழுத்துப் போடவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை நீ மெதுவாகப் படிக்கலாம்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டேகாலுக்கு, எதிரே நின்ற கூட்டம் அட்டைகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தது. எல்லா மேசையும் நிறைந்துவிட்டது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, பசி வந்தா எல்லாம் அடங்கிப்போகும்" என்றார். மாஸ்டர் அன்று சமைத்த மாதிரி நான் பார்த்ததில்லை. சமையலறையில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்.

திருப்தியாகச் சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். நான் மூன்றாம் மேசைக்கு பில் கொண்டுபோனேன். தையல்காரர் அதை வாங்கிப் படித்தார். நெஞ்சில் கை வைத்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"அடுத்த மாசம் கண்டிப்பா கெடச்சிடும்ப்பா. நான் பொறுப்பு."

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் தபால்காரர். அவரும் நெஞ்சில் கை. அதற்கடுத்த மேசையில் மருந்துக்கடை அம்மா. ஆறாவது மேசைக்குப் போகும்போது நான் பில்லை நீட்டுவதையே நிறுத்திவிட்டேன். என்னை இத்தனை பேர் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசி மேசைக்காரர் 'நான் பொறுப்பு' என்னும்போது கண்ணைக்கூட மூடினார். நான் கண்ணை மூடுவேனா? நீதான் சொல்ல வேண்டும்.

முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "கதவப் பூட்டு. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

"பூட்டுங்க," என்றார் டீச்சர். "டீ இருந்தா குடுங்க, இருக்கோம்."

கடையே சிரித்தது. முதலாளி என் தோளைப் பிடித்து, "நீ சொன்னா கேப்பாங்க. பேசி வாங்கு" என்றார். நான் நடுவில் நின்று, "சாப்பிட்டா காசு குடுக்கணும்ல..." என்று ஆரம்பித்தேன். மாஸ்டர் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எல்லாரும்.

மூன்றாம் மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வேலை செய்கிறவர்கள் அந்த நாற்காலிகளில் உட்காரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பதினோரு வருடமாக மற்றவர்களை எழுப்பிவிட்டதே நான்தான். அவை அவ்வளவு வசதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"என்ன பண்றே?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் பண்ணல முதலாளி. ஒக்காந்திருக்கேன்."

பாத்திரம் கழுவும் அக்கா ஒரு தட்டு நிறையச் சாப்பாடு கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க தம்பி. காசு அடுத்த மாசம் குடுங்க" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் சாப்பிட்டேன். ஆக, சாப்பிட்டேன் என்று உன் அக்காவிடம் சொல்.

டீச்சர் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். சாப்பிட்ட அத்தனை பேரும் உள்ளே வருமுன்பே அதில் பணம் போட்டிருக்கிறார்கள். "யாரும் ஓசில சாப்பிடல. இவங்க சம்பளம் வந்த அன்னிக்கு இது உங்க கல்லாவுக்கு வரும்" என்று மூடிவிட்டார். முதலாளி உள்ளே போனார்.

மறுநாள் அதிகாரி வந்தார். நான் புதுப் பட்டியல் எழுதினேன். பதின்மூன்று பெயர். முதலில் உன் பெயரைத்தான் எழுதினேன். பிறகு, மனைவி என்பதால் முதலில் போட்டது போல ஆகிவிடுமே என்று கிழித்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த வரிசையில் எழுதினேன். நீ ஏழாவது.

நான் உன்னைக் கேட்காமல் விட்டது தப்பு. இதை நேரில் சொல்லியிருந்தால் நடுவில் ஏதாவது சமாதானம் சேர்த்திருப்பேன். எழுதினால் இவ்வளவுதான் வருகிறது.

இப்படிக்கு,
உன் கணவன்

•

மார்ச் 8

அன்புள்ள உங்களுக்கு,

ஏழாவது சரி. எனக்கு இரண்டு மாதம் முன்னால் சேர்ந்தவர் மாஸ்டரின் உதவியாளர். அவர் ஆறாவதாக இருப்பார்.

கண்ணை மூடுவீர்கள். இரண்டு கண்ணையும்.

கடிதத்தை முதலில் நான் மட்டும் படித்துவிட்டுப் பிறகு அக்காவுக்கும் அத்தானுக்கும் வாசித்தேன். உங்கள் கடைசிப் பத்தியை வாசிக்கவில்லை, அது எனக்கு. நாற்காலி இடத்தை அத்தான் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். "சகலை ஆள் பரவால்லையே" என்று அக்காவிடம் சொல்கிறார். இதுவரை பரவாயில்லை என்று நினைத்ததில்லை போல.

நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் காய் நறுக்கப் போகிறேன். உங்களிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் சம்பளம். முதல் சனிக்கிழமை கவரை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். "என்னம்மா, கம்மியா இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கேட்காமல் வந்த சம்பளத்தை என்ன செய்வது என்று ஒரு நிமிடம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எப்போது வருகிறாய் என்று இந்த முறை நீங்கள் கேட்கவில்லை. கவனித்தேன்.

இப்படிக்கு,
நான்

•

மார்ச் 20

அன்புள்ள உனக்கு,

கிடைத்துவிட்டது.

முதலாளி இரண்டாவது கடையை வேறொருவருக்கு விட்டுவிட்டார். அதிகாரி முன்னிலையில் நான்கு மாதச் சம்பளம் நேற்று எல்லாருக்கும் கையில் வந்தது. மீதி மூன்று மாதம் ஜூனுக்குள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் கையெழுத்து, என்னுடையது இல்லை. டீச்சர் பிஸ்கட் டப்பாவைக் கல்லாவில் கவிழ்த்துவிட்டு, வெறும் டப்பாவைத் துடைத்து எடுத்துப்போனார். மாஸ்டர் பின்கதவுப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் காலை நீட்டிக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவும் அக்கா தையல்காரருக்குக் கூலி கொடுக்கப் போனாள். அவர் வாங்கமாட்டேன் என்க, இவள் கொடுப்பேன் என்க, இரண்டு பேருக்கும் நடுத்தெருவில் சண்டை. பார்க்கவே நன்றாக இருந்தது.

நான் இப்போது சூப்பர்வைசர் இல்லை. முதலாளி என்னோடு பேசுவதில்லை. மேசை பார்க்கச் சொல்லிவிட்டார். தட்டுத் தூக்கித் தோள் வலிக்கிறது. ஆனால் படுத்ததும் தூங்கிவிடுகிறேன். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

உன் கவரை நான் வாங்கவில்லை. அதிகாரி, "வீட்டுக்காரர் நீங்கதானே, கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க, எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க" என்றார். "அது அவங்க செஞ்ச வேலை சார். அவங்களே வந்து வாங்கிப்பாங்க" என்றேன். பிடிவாதக்காரன் என்று நினைத்திருப்பார். மாதக் கடைசி வரை அலுவலகத்தில் வைத்திருப்பார்கள்.

வந்து வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போவதானாலும் சரி. எனக்கு அதில் வருத்தம் இருக்கும். இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் கணவன்

•

மார்ச் 25

அன்புள்ளவருக்கு,

புதன்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். நிலையத்துக்கு வர வேண்டாம், மதியம் உங்களுக்கு மேசைகள் இருக்கும். அலுவலகத்துக்கு நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

மூன்று நாள் விடுப்பு கேட்டேன். கொடுத்தார்கள். சம்பளத்தோடு என்றார்கள். காதில் சரியாக விழவில்லை என்று சொல்லி இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.

நான்காம் நாள் நான் இங்கே வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கடைக்கு இனி வரமாட்டேன். கேன்டீனில் மேசை பார்க்கவும் ஆள் தேடுகிறார்கள். நீங்கள் வருவதா வேண்டாமா என்பது உங்கள் விஷயம், உங்களுக்காக நான் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. மூன்று நாள் இருக்கிறது, யோசிக்கலாம்.

அலுவலகத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போவேன். எனக்காக எதுவும் சமைத்து வைக்க வேண்டாம், பெருக்கி வைக்கவும் வேண்டாம். இத்தனை நாள் அக்கா வீட்டில் எனக்கு நல்ல தூக்கம் இல்லை. நம் கட்டிலில் படுத்து நீங்கள் வேலை முடிந்து வரும்வரை தூங்கப் போகிறேன். வந்ததும் எழுப்பாதீர்கள். கை கால் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், நானே எழுந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி