சேணத்தில் வைத்த நாக்கு

1959 ஜூன் 24, புதன்

பக்ரீத் முடிந்து ஒரு வாரம். இன்சூரன்ஸ் ஏஜெண்டு கொடுத்த இந்த டைரியில் ஆறு மாதமாக ஒன்றும் எழுதவில்லை. இன்று எழுத விஷயம் இருக்கிறது. பாஸ்போர்ட் வந்துவிட்டது!

தோல் மண்டி முதலாளி மூன்று மாதத்துக்கு முன்பே சொன்னதுதான். "கிதரு, லண்டன்ல நம்ம ஆட்டுத்தோலை ரெண்டாந்தரம்னு தள்ளுறாய்ங்க. நீ போயி அவிங்க கண்ணு முன்னாடி நக்கிக் காட்டிட்டு வா."

இருபத்தாறு வருஷமாகத் தோலைத் தரம் பிரிக்கிறேன். படித்தது ஏழாங்கிளாஸ். ஆனால் பதனிட்ட தோலின் ஓரத்தை மடித்து, மோந்து, நுனி நாக்கை வைத்தால் போதும். எந்தப் பட்டை, எத்தனை நாள் ஊறல், கடுக்காய் போட்டதா போடாததா, எல்லாம் நாக்கு சொல்லும். மற்ற விஷயங்களில் நான் கொஞ்சம் சேர்த்துப் பேசுவேன்தான். சோற்றுக்கு வெஞ்சனம் தொட்டுக்கொள்கிற மாதிரி பேச்சுக்கும் வேண்டாமா? ஆனால் தோலில் மட்டும் பொய் சொன்னதில்லை.

அஜீஸுன்னிசாவிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். "நெசமாவே லண்டனா? இல்ல, போன தடவை மெட்ராஸ்ல திமிங்கிலத்தைத் தடவிக் குடுத்துட்டு வந்தீங்களே, அந்த மாதிரி நெசமா?" என்றாள்.

பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது?

ஜூலை 5

கப்பல். வாந்தி. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், கேப்டன் என்னை மேலே கூப்பிட்டுக் கப்பலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலை 20, திங்கள்

லண்டன்! அருளப்பன் அறையில் இறங்கியிருக்கிறேன். எங்கள் திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் ஆப்பக்கடை போட்டிருந்த வியாகுலம்மாளின் மகன். கப்பலில் சமையல்காரனாக வந்து இங்கேயே தங்கிவிட்டான். இப்போது ஒரு ஓட்டலில் வேலை. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி: "பாய், பிரியாணிக்கடைப் பக்கம் இன்னும் அந்த வாசனை வருதா?" சட்டைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன், இந்தா மோந்து பார் என்றேன். சிரித்தான். பிறகு குனிந்து நிஜமாகவே மோந்து பார்த்தான்.

ஜூலை 21

பஸ். பஸ்ஸைப் பற்றித்தான் எழுதவேண்டும். சிவப்பு. இரண்டு மாடி. உள்ளே படிக்கட்டு ஏறி மேலே போய் முன் சீட்டில் உட்கார்ந்தால், ஊர்வலத்தில் யானை மேல் வருகிற மாதிரி. கீழே தொப்பி தொப்பியாக ஊர் நகர்கிறது. கண்டக்டருக்கு இடுப்பில் ஒரு மிஷின். சுற்றினால் டிக்கெட் வருகிறது. தள்ளு முள்ளு கிடையாது. கண்டக்டர் நம்மை "சார்" என்கிறான். நம் டவுன் பஸ்ஸில் இவன் ஒரு நாள் வேலை பார்த்தால் என்ன ஆவான்?

ஒரு தப்பு செய்துவிட்டேன். பஸ் வந்து நின்றதும் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடித்தேன். நம்மூரில் துண்டு விழுந்த இடத்தில் கலெக்டரானாலும் உட்காரமாட்டார். இங்கே வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஏறியதும் பஸ் நிறைந்துவிட்டது. கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினான். பஸ் போயிற்று, துண்டும் போயிற்று. பச்சைக்கரை போட்ட சின்னாளபட்டித் துண்டு.

"பாய், துண்டை மட்டும் லண்டன் பாக்க அனுப்பிட்டீங்க" என்றான் அருளப்பன்.

ஜூலை 23, வியாழன்

தோல் வியாபாரிகள் இருக்கும் பெர்மாண்ட்ஸிக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கு சொல்லிவிட்டது. அதே வாடை. சுண்ணாம்பு, பட்டை, ஈரத்தோல். கண்ணை மூடினால் பேகம்பூர்.

ஐந்து துரைகள். எட்டுத் தோலைக் கலைத்துப் போட்டார்கள். எட்டையும் நக்கி, எந்த ஊர்ச் சரக்கு என்று சொன்னேன். ஏழு சரி. ஒன்று தப்பு. (வீட்டுக்கு எட்டும் சரி என்று எழுதவில்லை. தோல் விஷயம். ஏழு என்றே எழுதினேன்.) வேலை முடிந்தது. கப்பலுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. ஊரைப் பார்க்கவேண்டியதுதான்.

ஜூலை 24

துண்டு கிடைத்துவிட்டது! பஸ்ஸில் விட்ட சாமான்களுக்கென்றே ஒரு ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். குடைகளே ஒரு மலை. என் துண்டை நாலாக மடித்து, ஒரு சீட்டுக் கட்டி, அலமாரியில் வைத்திருந்தான். இந்த ஊரை நான் ஏன் புகழமாட்டேன்?

ஜூலை 26, ஞாயிறு

பூமிக்கு அடியில் ரயில். அதற்கு இறங்கும் படிக்கட்டு தானே ஓடுகிறது. நாம் நின்றால் போதும். முதல் படியில் கால் வைக்கும்போது பிஸ்மி சொன்னேன். கடைசிப் படியில் சொல்ல மறந்து, முன்னால் போன அம்மாளின் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

மியூசியத்தில் திப்பு சுல்தானின் மரப்புலி. ஒரு சிப்பாயின் கழுத்தைக் கவ்விக்கொண்டு கிடக்கிறது. வயிற்றுக்குள் வாத்தியப்பெட்டி இருக்கிறதாம். அவர் அத்தா ஹைதர் அலி நம் திண்டுக்கல் மலைக்கோட்டையில் இருந்தவர். இத்தனை தூரம் வந்து நம்மூர் மனுஷர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரிடம், இந்த மரம் எங்கள் சிறுமலையில் வெட்டியது, வெட்டியவர் என் பாட்டனாருக்குப் பாட்டனார் என்றேன். அருளப்பன் அதை இங்கிலீஷில் சொல்ல மறுத்துவிட்டான்.

ஜூலை 28, செவ்வாய்

இதை உள்ளது உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

இன்று வேறொரு மியூசியம். சின்னது. பேர் வாயில் நுழையவில்லை. பழைய காலத்து வாள், கவசம், குதிரை சாமான். காசு கேட்கவில்லை. அருளப்பன் ஒவ்வொரு அட்டையாக வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தான். ஓர் அறையில் மரக்குதிரை மேல் ஒரு சேணம். முன்னால் கயிறு கட்டியிருந்தது. "பாரசீகம், இருநூறு வருஷம் முன்னாடி" என்றான்.

எனக்குச் சந்தேகம். வெளிப்புறம் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. பக்கத் தோல் ஓரிடத்தில் சுருண்டிருந்தது; அந்த மடிப்புக்குள் வெளிர் மஞ்சள். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காய் போடாமல் விட்ட தோல்தான் வெளிச்சம் பட்டால் அப்படிச் சிவக்கும்.

சேணத்தின் வார் ஒன்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் தொங்கியது. முதலில் மயிர்க்கண், அதாவது மயிர் முளைத்த துளைகளை, பார்த்தேன். பன்றி என்றால் மூன்று மூன்று புள்ளியாக இருக்கும், நாக்கு ஹராமாகிவிடும். இது வெள்ளாடு. மடித்தேன். மோந்தேன். நாக்கை வைத்தேன்.

துவர்ப்பு. எங்கள் துவர்ப்பு. இருநூறு வருஷம் கழித்தும்.

காவல்காரர் ஓடிவந்தார். அருளப்பன் நாலடி தள்ளிப்போய் யாரோ போல நின்றுகொண்டான். "பாய், போலீஸ்ல குடுத்துருவாய்ங்க பாய், சும்மா இருங்க." நான் சும்மா இருப்பேனா? மண்டி இங்கிலீஷில் சொன்னேன். "நோ பாரசீகம். மை கன்ட்ரி. ஆவாரம்."

உள்ளறையிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்தார். மிஸ் பார்லோ. திட்டுவார் என்று பார்த்தால், எப்படித் தெரியும் என்று கேட்டார். அருளப்பன் கிட்டே வந்து மொழிபெயர்த்தான். சிவப்பைக் காட்டினேன். மடிப்புக்குள் இருந்த மஞ்சளைக் காட்டினேன். ஆவாரஞ்செடி எங்கள் பக்கம் கரட்டிலும் தரிசிலும் பூத்துக் கிடப்பது, பாரசீகத்தில் அதற்கு என்ன வேலை என்றேன். அந்த அம்மாள் அத்தனையையும் எழுதிக்கொண்டார். வாரின் ஓரத்தில் ஒரு துணுக்கு எடுத்து ரசாயனம் படித்தவர்களிடம் அனுப்புவதாகவும், முடிவு தெரிந்ததும் கடிதம் போடுவதாகவும் சொன்னார். விலாசம் வாங்கிக்கொண்டார். இனிமேல் எதையும் நக்கவேண்டாம் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான்.

ஊரில் சொல்லும்போது அந்த அம்மாளும் நாக்கை வைத்துப் பார்த்தார் என்று சொல்லலாமா? வேண்டாம். தோல் விஷயம்.

ஆகஸ்ட் 9

கப்பல், செங்கடல். ஒரு யோசனை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த மடிப்புக்குள் மஞ்சளாகத்தான் இருந்ததா? நான் பார்த்ததா, அல்லது பிறகு நானே சேர்த்துக்கொண்டதா? பெர்மாண்ட்ஸியில் எட்டில் ஒன்று தப்பிய நாக்குதானே இது — வாயும் அதே வாய்தானே. இத்தனை வருஷம் கதை சொல்லிச் சொல்லி நாக்குக்கும் பழகிவிட்டதோ?

ஆகஸ்ட் 20, வியாழன்

வீடு. சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். கேப்டன் கப்பலைக் கொடுத்ததை நம்பினார்கள். அரண்மனைக் காவலன் எனக்கு சல்யூட் அடித்ததை நம்பினார்கள். ஓடும் படிக்கட்டை ஒருவரும் நம்பவில்லை. இரண்டு மாடி பஸ்ஸுக்கு ஒரே சிரிப்பு.

அஜீஸுன்னிசாவின் தம்பி சேக் பரீது, என்னோடு மண்டியில் வேலை பார்ப்பவன், "ஏன் மச்சான், மாடி இருந்தா கொல்லைப்புறமும் இருக்குமே. கோழி வளக்குறாய்ங்களா?" என்றான்.

துண்டு திரும்பி வந்ததைச் சொன்னேன். "இந்தத் துண்டு லண்டனுக்கே போகலைன்னு நெனைக்கிறேன்" என்றாள் என் வீட்டுக்காரி.

கடைசியாகச் சேணத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூடச் சேர்க்காமல் சொன்னேன். அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு.

ஆகஸ்ட் 22

முதலாளி காதுக்குப் போய்விட்டது. தனியாகக் கூப்பிட்டார். அவர் சிரிக்கவில்லை. "கிதரு, நீ ஊர்க்கதை என்ன வேணும்னாலும் பேசு. தோல்ல மட்டும் பொய் பேசமாட்டேன்னு நெனைச்சிருந்தேன். மியூசியத்துச் சேணத்தை நக்குனேன்னு சொல்றியே, நாளைக்கு நீ பிரிச்ச தோல்கட்டை நான் எப்படி நம்புறது?"

இனிமேல் நான் பிரித்த கட்டை சேக் பரீது அவிழ்த்து இன்னொரு தடவை பார்க்கவேண்டுமாம்.

ஆகஸ்ட் 25

சேக் பரீது பார்த்தான். குனிந்துகொண்டே பார்த்தான். அவனுக்கும் சங்கடம்தான் போல. அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் நான்.

அக்டோபர் 19

தபால் இல்லை.

நவம்பர் 11

தபால்காரர் ஒச்சப்பன் சைக்கிளை நிறுத்தாமலேயே, "பாய், ராணியம்மா இன்னும் எழுதலை!" என்று கத்திவிட்டுப் போகிறார். தெருவே திரும்பிப் பார்க்கிறது.

கடிதம் வராவிட்டால் பரவாயில்லை. வந்து, பாரசீகம்தான் என்று இருந்தால்? நேற்று ஒரு தோலை நக்கிவிட்டு, தரம் சொல்லாமல் வைத்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் இதுவே முதல் தடவை.

டிசம்பர் 15, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் சேக் பரீதும் வீட்டில் இருந்தோம். ஒச்சப்பன் இன்று சைக்கிளை நிறுத்தினார். உறையை இரண்டு கையாலும் கொடுத்தார்.

மகள் நர்கீஸ் ஹைஸ்கூலில் படிக்கிறாள். அவளைத்தான் வாசிக்கச் சொன்னேன். பயந்து அல்ல. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் வராது. சரி, பயமும்தான்.

வாசித்தாள். பாரசீகம் அல்லவாம். பட்டை பெரும்பாலும் நான் சொன்ன செடியுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு வந்திருக்கிறதாம். அட்டையை மாற்றிவிட்டார்களாம். புது அட்டையின் நகல் உள்ளே இருந்தது: "குதிரைச் சேணம், வெள்ளாட்டுத்தோல். தென்னிந்தியாவாக இருக்கலாம்." நன்றி என்று மிஸ் பார்லோவின் கையெழுத்து.

சேக் பரீது உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மச்சான், அந்த அருளப்பனை விட்டு டைப் அடிச்சு அனுப்பச் சொன்னீங்களா?"

இனி என்ன காட்டி நம்பவைப்பேன்?

அஜீஸுன்னிசா கரண்டியோடு வந்து நின்றாள். "நர்கீஸு, அந்த அட்டையில உங்க அத்தா பேரு இருக்கா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாரு."

"எங்கேயும் இல்லம்மா."

"திண்டுக்கல்லுன்னாவது இருக்கா?"

"அதுவும் இல்ல. தென்னிந்தியாவாம். அதுவும் 'இருக்கலாம்'னுதான் போட்டிருக்கு."

தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே பரீது, உங்க மச்சான் கட்டுன கதைன்னா அதுல அவுக பேரு இல்லாம இருக்குமா? முத வரியிலயே கொட்டை எழுத்துல இருக்கும். கூடவே ராணி கையெழுத்தும் இருக்கும். இம்புட்டூண்டு அட்டையில 'இருக்கலாம்'னு யாருடா பொய் எழுதுவாக? இது நெசம்." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் இரண்டு கறித்துண்டு வைத்தாள். "அந்தப் பஸ்ஸுக்கு நெசமாவே மாடி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.

டிசம்பர் 17

சேக் பரீது முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். முதலாளி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இன்று நான் பிரித்து வைத்த கட்டை பரீது அவிழ்க்கவில்லை. அப்படியே தூக்கி, முதல்தரம் பக்கம் அடுக்கினான்.

சாயங்காலம் டீக்கடையில் சேணத்துக் கதையைக் கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அட்டையில் என் பேர் இல்லை என்பது வரை சொன்னேன். "அப்படியா" என்றுவிட்டு ஒருவர் பேப்பரை எடுத்துப் பிரித்தார். இன்னொருவர் வேட்டியை உதறி எழுந்தார்.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியுமா? லண்டனில் ஒரு பஸ்ஸுக்கு மூன்று மாடி என்றேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.