நான்காவது ஊசி

குறிப்பு 188. 2041 மார்ச் 4, காலை 9.10

விண்வெளி ஆய்வகம் குறிஞ்சி. பணியில் ஒரே ஆள்: மருத்துவர் அமுதவல்லி. குளிர்பெட்டி மைனஸ் 70. நான்காவது ஊசிக்கான மருந்து 230 குப்பி தயார். இந்தப் புரதம் எடையற்ற இடத்தில்தான் சரியான உருவத்துக்கு வருகிறது. அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். நேற்றைய சரக்குக் கலத்தில் தன்னார்வலர்கள் 212 பேரின் பிப்ரவரி மாத ரத்தம் வந்து சேர்ந்தது.

இது யார் கையில் கிடைத்தாலும் புரிய வேண்டும். எச்.ஐ.வி. சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும் வைரஸ். ஒரே தடுப்பூசியில் பிடிபடாது. ஒவ்வொரு ஊசியும் உடம்புக்கு ஒரு பாடம். மூன்று முடிந்தது. நான்காவதை ஜனவரியில் போட்டிருக்க வேண்டும். தரைக்குழு இரண்டு முறை தள்ளிவைத்தது. இதுவரை 41 பேரின் உடம்பு நன்றாகக் கற்றிருக்கிறது.

குறிப்பு 191. மார்ச் 7, காலை 11.30

நாமக்கல்லிலிருந்து அழைப்பு. தன்னார்வலர் 117, மோகனா. முட்டைப் பண்ணையில் தரம் பிரிக்கிறாள். கணவர் லாரி ஓட்டுகிறார்.

"டாக்டரம்மா, பண்ணைல எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க. எனக்கு பாசிட்டிவ்னு வந்திருச்சுங்க. ஊசியினாலதான்னு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க. மாமியா என் தட்டைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்க. நீங்க குடுத்த அட்டையில இருக்கற நம்பருக்குப் போட்டா மணி அடிச்சுட்டே இருக்குதுங்க."

"பயப்படாதீங்க மோகனா. அது ஊசியோட தடம்தான். நான் சான்று அனுப்பறேன்."

"சரிங்க. நாலாவது ஊசி எப்பங்க?"

சாதாரணப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை, அதை எதிர்க்க உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. ஊசி போட்டவர் ரத்தத்தில் அது இருக்கத்தான் செய்யும். இதை ஊருக்குச் சொல்லத்தான் அந்த அட்டை, அந்த எண். விசாரித்தேன். அந்த எண்ணுக்குரிய அலுவலகத்தை மூடி இரண்டு வாரம் ஆகிறதாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குறிப்பு 192. மார்ச் 8, காலை 10.05

தரைக்குழுத் தலைவர் தயாபரன்:

"கடலோரத்துல புதுக் காய்ச்சல் பரவுது, அமுதா. ஆய்வகம் அதுக்கு வேணும். இருநூத்திப் பன்னண்டுல நாப்பத்தொண்ணுன்னா தோல்விதானே. எச்.ஐ.வி. சரக்கு எல்லாத்தையும் சூடேத்தி அழிச்சிடுங்க. பத்தாம் தேதி மதியம் பன்னண்டுக்குள்ள."

போன காய்ச்சலுக்குப் பதினோரு மாதத்தில் ஊசி வந்தது என்று மேடை போட்டுக் கொண்டாடினார்களே, அந்த வித்தை எங்கிருந்து வந்தது? பாதிக்கு மேல் இந்த வைரஸிடம் ஐம்பது வருடம் தோற்றுத் தோற்றுக் கற்றது. கற்றதை எடுத்துக்கொண்டார்கள். கையை நீட்டி ஊசி வாங்கியவர்களைத் தெருவில் விட்டுவிட்டார்கள்.

மறுத்தேன். "அப்ப கீழேருந்தே செஞ்சுக்கறோம்" என்றார்.

குறிப்பு 194. மார்ச் 9, பிற்பகல் 3.40

மோகனாவின் சான்றுக்காக, வைரஸையே தேடும் பரிசோதனையை ஓட்டினேன்.

ஜனவரி ரத்தம்: இல்லை.

பிப்ரவரி ரத்தம்: இருக்கிறது.

மறுபடி ஓட்டினேன். இருக்கிறது. கருவியைக் கழுவி, புது மாதிரி எடுத்து மூன்றாம் முறை. இருக்கிறது.

ஊசி போட்டிருக்க வேண்டிய நாள் ஜனவரி 16. நன்றாகக் கற்ற 41 பேரில் மோகனாவும் ஒருத்தி. நான்காவது ஊசி தடுத்திருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தரைக்குழுவுக்கு அது எவ்வளவு வசதி.

பயப்படாதீங்க என்று சொன்னது நான். சோதிக்காமல் சொன்னேன். இந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

குறிப்பு 195. மார்ச் 10, காலை 11.48

11.31க்கு மோகனாவை அழைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இன்றைக்கே மாத்திரை தொடங்கினால் நெடுநாள் நன்றாக வாழலாம் என்றேன்.  மோகனா கேட்டாள்:

"எங்கூட்டுக்காரருக்கும் பாக்கோணுமுங்களா?"

"பாக்கணும்."

"நாலாவது ஊசி போட்டிருந்தா இது வந்திருக்காதுங்களா?"

இன்னொரு காதில் தயாபரன்: "பதில் சொல்லாதீங்க. கேஸாயிடும்."

"வராம இருந்திருக்கலாம், மோகனா. உறுதியாச் சொல்ல முடியல. ஆனா போட்டிருக்கணும். நாங்க போடல."

11.44. இணைப்பு போனது. துண்டித்தது நான் இல்லை. அதன்பின் வேறு எந்த எண்ணுக்கும் அழைப்பு போகவில்லை.

குறிப்பு 196. 12.20

குளிர்பெட்டி மைனஸ் 9. கீழிருந்து சூடேற்றுகிறார்கள். கதவு திறக்கவில்லை. தன்னார்வலர்களின் ரத்தக் குப்பிகளும் உள்ளேதான்.

12.41. பிளஸ் 38.

மீதி 211 பேர். அவர்களும் எங்காவது ரத்தம் கொடுப்பார்கள். பாசிட்டிவ் என்று வரும். ஊசியின் தடம்தான் என்று நிம்மதியாக இருப்பார்கள். அப்படித்தான் ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

யாருக்கு நிஜமாகவே தொற்று என்று பார்க்க இந்த ரத்தம்தான் இருந்தது.

12.47. பிளஸ் 90. பரிசோதனைக் கருவிக்கு மின்சாரம் இல்லை. இந்தத் திரையும் அணைந்து அணைந்து எரிகிறது. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், அந்த 211 பேரையும் கூப்பிடுங்கள். பெயர்ப் பட்டியல் இதோ. 1. அங்கமுத்து, பரமத்தி. 2. நிர்மலாதேவி, மோகனூர். 3. சாதிக்