கிள்ளிச் செய்த ரோஜா

மதினி,

பதுளை கடைத்தெருவில் வாங்கி வந்த சிவப்புக் கிரேப் கடதாசிச் சுருளைக் காலையில் பிரித்தேன். ஈரக் கையோடு தொட்டதில் விரலெல்லாம் சாயம். அதைக் கண்டதும் உங்கள் ஞாபகம் வந்தது; கூடவே கோபமும் வந்தது. இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீங்கள் வந்த பிறகுதான் நாம் சேர்ந்து கடதாசிப் பூ செய்து விற்கத் தொடங்கினோம். வெளிநாட்டு அம்மா ஒருவரிடம் இணையத்தில் ரோஜா பேட்டர்ன் வாங்கினோம். செய்து விற்கலாம், பேட்டர்னை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று லைசன்ஸ். இரண்டு பேர் பெயரையும் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஒரு பேரு அடிக்கவே கை வலிக்குது" என்று உங்கள் பெயரை மட்டும் போட்டீர்கள்.

பேட்டர்ன்படியாவது செய்தீர்களா? அச்சை வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லியிருந்தது. நீங்களோ கொழுந்து பறித்த கை. கட்டைவிரல் நகத்தால் இதழ் இதழாகக் கிள்ளினீர்கள். ஓரமெல்லாம் சுருண்டு நின்றது. "வாங்கினதை அதுபடியே செய்யுங்க மதினி" என்று நான் கத்தினால், "ரோசாப்பூ எந்தக் கவர்மெண்டுக் கச்சேரியில கையெழுத்து வாங்கிப் பூக்குது?" என்பீர்கள். உங்களிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான்.

இப்போது நமுனுகுலையில் ஒரு கல்யாணம். மாதா கோயில் முழுக்க நம் ரோஜாதான் என்று பெண்ணின் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வாரமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தீர்கள். லைசன்ஸ் உங்கள் பெயரில். நீங்கள் செய்த பூவைப் படம் எடுத்து அந்த வெளிநாட்டு அம்மாவுக்கு அனுப்பி, லைசன்ஸை என் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டேன். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு எழுதினார்: இது என் ரோஜாவே இல்லை, இதழும் வேறு, ஓரமும் வேறு, இதை விற்க என் அனுமதி வேண்டியதில்லை.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. உங்கள் தங்கை கொஸ்லந்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, "எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்டபோது, லைசன்ஸைக் காட்டி முகத்தில் அடித்த மாதிரி மறுத்தவள் நான். நீங்கள் பக்கத்தில் நின்று இதழ் கிள்ளிக்கொண்டே இருந்தீர்கள். அவள் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

நானே கிள்ளிப் பார்த்தேன். கொழுந்து பறிக்க மலைக்கே போகாத நகம். கடதாசி கிழிந்ததே தவிர இதழ் வரவில்லை. வேறு வழியில்லாமல் உங்கள் தங்கைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். உங்கள் பூவைப் பார்த்து அது மாதிரி செய்ய முடியுமா என்றேன். அவள் சொன்னாள்:

"எங்கக்கா அப்பவே எனக்குப் பழக்கி விட்டுருச்சுங்க. நீங்க ஏசுவீங்கன்னுதான் சொல்ல வேணாம்னுச்சு."

நாளைக்கு வருகிறாள். பூவுக்குக் கவலையில்லை. ஆனால் மதினி, ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்த எனக்குப் பயந்து, கூடப் பிறந்தவளுக்கு ஒளிவுமறைவாக அல்லவா சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். சட்டம் பேசிய இந்த வாயை வைத்துக்கொண்டுதான் நான் இனிக் காலம் தள்ள வேண்டும்.