கடலை ஆகாத பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பில் இடம்

அனுப்புநர்
வே. கருத்தையா (வயது 71), விவசாயி,
கீழத்தெரு, சூரங்கரைப்பட்டி,
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: நிலக்கடலை ஒவ்வாமை உள்ள என் பேத்தி யோகலட்சுமியை எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்க்க மறுப்பது – சத்துணவு உதவியாளர் சுப்புத்தாயைப் பணிநீக்கம் செய்தது – ஆணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மீதியைச் செய்தித்தாள் வாசித்துக் கற்றுக்கொண்டேன். அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர், விஷயத்தை நாலு வரியில் சொல்லும்படி கேட்டார். எனக்கு நாலு வரியில் சொல்லத் தெரியவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

2. என் மகன் ஜெயபாண்டிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் இசக்கிச்செல்வி. மூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டில் கடலைச் சட்னி தின்று, உதடு வீங்கி மூச்சுத் திணறினாள். கோவில்பட்டி மருத்துவர் பிழைக்க வைத்தார். நிலக்கடலை இவளுக்கு ஆகாது, கடலை பட்ட கரண்டிகூட ஆகாது, மறுபடியும் தின்றால் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றோடு எங்கள் வீட்டில் கடலையும் கடலெண்ணெயும் நின்றன. டீக்கடை சோலை மட்டும், "கடலை மிட்டாய் ஊருக்குப் பக்கத்துல பொறந்துட்டு கடலை ஆகாதாம்லா. நாளைக்குத் தண்ணி ஆகாதும்பாவ" என்று ஊர் சிரிக்கச் சொன்னார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். பிள்ளை நன்றாக இருந்த காலம் அது.

3. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கு ஒரு கிள்ளு கொடுக்காமல் யாரும் எதையும் தின்ன மாட்டார்கள். கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஏக்கம் தட்டும், தின்றவருக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் நாங்கள் அதற்குத்தான் பயந்தோம். அதனால் என் மருமகள் உமாராணி, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பையில் தினமும் சில்லுக்கருப்பட்டி போட்டு அனுப்புவாள். மற்றவர்கள் மிட்டாய் தின்னும்போது இவள் வாயும் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக.

4. சென்ற தை மாதம் ஒரு பையனின் பிறந்தநாளுக்குப் பள்ளியில் கடலை மிட்டாய் கொடுத்தார்கள். இசக்கிச்செல்வி தனக்கு வேண்டாம் என்று சொல்லி, தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். கருப்பட்டியைக் காலையிலேயே தின்று தீர்த்திருந்தாள். அங்கே சத்துணவு உதவியாளராக இருந்த சுப்புத்தாய் எங்கள் தெருக்காரி. எனக்கு மகள் முறை, பிள்ளைக்கு அத்தை. கடலை ஆகாது என்பது அவளுக்கும் தெரியும். பிள்ளை எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. ஒரு மிட்டாயை உடைத்து, நிலக்கடலைப் பருப்பை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு, வெல்லப்பாகை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

5. கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கிவிட்டது. பூச்சி கடித்திருக்கும் என்று ஒருவர் வேப்பிலை அடித்தார். தகவல் கேட்டு நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். மடியில் கிடந்த பிள்ளை, நாங்கள் வைவோம் என்று பயந்து, "தாத்தா, நான் கடலை திங்கலை" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

6. சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லை. செவிலியர் அரிப்புக்குப் போடும் ஊசியைப் போட்டு, கோவில்பட்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார். போகும் வழியில் என் பேத்தி இறந்துவிட்டாள். தொடையில் அட்ரினலின் ஊசியை உடனே போட்டிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்று பெரிய மருத்துவர் பிறகு சொன்னார். அந்த மருந்து சுகாதார நிலையத்திலேயே இருந்திருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் அதைப் போடச் செவிலியருக்குப் பயம். அந்தப் பெண்ணை நான் குற்றம் சொல்லவில்லை. பயப்படாமல் போடு என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

7. சுப்புத்தாய் எங்கள் வாசலில் வந்து விழுந்து, "பெரியப்பா, பருப்பு பூராத்தையும் பொறுக்கிட்டு பாகை மட்டுந்தான் குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பொறுக்கினால் போதும் என்றுதான் நினைத்திருக்கிறாள். அரிசியில் கல் பொறுக்குகிற கை அது. கடலையின் சத்து பாகிலும் ஏறியிருக்கும் என்பதை எங்கள் ஊரில் யாரும் அறிந்திருக்கவில்லை. பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அவளைப் பணிநீக்கம் செய்துவிட்டு, நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று எனக்குக் கடிதம் அனுப்பினார்கள். அந்த நடவடிக்கையை நான் கேட்கவில்லை. என் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

8. இளையவள் யோகலட்சுமிக்கும் கடலை ஆகாது. கடலை தின்ற வாயோடு ஒரு உறவுக்காரர் கன்னத்தில் முத்தம் கொடுத்து, அந்த இடம் தடித்துப் போனது. திருநெல்வேலியில் பரிசோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். தலைமை ஆசிரியை ரேணுகாதேவி எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். அழுதுகொண்டே, "அய்யா, மறுபடியும் ஒரு பிள்ளையை என் கையில குடுக்காதீங்க. அப்படிச் சேர்க்கணும்னா, என்ன நடந்தாலும் பள்ளிக்கூடம் பொறுப்பில்லன்னு எழுதிக் குடுங்க" என்றார். என் மகன் பேனாவை எடுத்தான். நான் தடுத்தேன். பள்ளிக்கூடம் பொறுப்பில்லை என்றால் பிறகு யார் பொறுப்பு? அந்தத் தாளில் நான் இன்றுவரை யாரையும் கையெழுத்துப் போட விடவில்லை. இனியும் விட மாட்டேன். இதனால் மகனும் மருமகளும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் யோகலட்சுமி வாசலில் நின்று, "எனக்கு எப்ப தாத்தா?" என்று கேட்கிறாள்.

ஆகவே தங்களிடம் கேட்பது:

யோகலட்சுமியை எந்த எழுத்தும் வாங்காமல் பள்ளியில் சேர்க்க வேண்டும். பள்ளி நேரத்தில் அங்கே கடலைப் பண்டம் கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஒவ்வாமை என்றால் என்ன, எது பட்டால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு மருத்துவர் வந்து தமிழில் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறி வரும் பிள்ளைக்கு, மருத்துவருக்காகக் காத்திராமல் அந்த ஊசியைப் போடச் செவிலியருக்கு எழுத்து மூலம் அதிகாரமும் பயிற்சியும் தர வேண்டும்.

சுப்புத்தாயை மீண்டும் அதே பள்ளியில் பணியில் அமர்த்த வேண்டும். இது இரக்கத்தால் கேட்பதல்ல. எத்தனை ஆணை போட்டாலும், வாய் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு கிள்ளு கொடுக்க எங்கள் ஊரில் எல்லாருக்கும் கை நீளும். இனி ஒருபோதும் நீளாத கை அவளுடையது ஒன்றுதான். அவள் அங்கே நிற்கிறாள் என்றால், மறுநாள் காலையில் பிள்ளையை நானே கொண்டுபோய் விடுகிறேன்.

நாள்: 14.07.2025
இடம்: சூரங்கரைப்பட்டி

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) வே. கருத்தையா