பஞ்சு கீழே விழுந்த நாள்

அன்புள்ள சிஸ்டர்,

இன்று காலை எங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் தின்னர் டப்பாவைத் திறந்தார். நான் காபி டம்ளரோடு படியில் நின்றிருந்தேன். வாடை மூக்கில் ஏறியதும், "முகத்துல துணி கட்டிக்கோங்க" என்றேன். "வெட்டவெளிதானே சார்" என்று சிரித்தார். சிரித்தாலும் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

தொழிற்சாலையில் பலருக்கு உங்கள் பெயரே தெரியாது. எல்லாருக்கும் நீங்கள் சிஸ்டர்தான். கேன்டீனை ஒட்டி இரண்டு கட்டிலும் ஓர் அலமாரியும் போட்ட முதலுதவி அறை உங்களுடையது. தண்டலத்துக்குப் பக்கத்து ஊர், அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை, அந்தத் தெருவிலிருந்து நர்சிங் படிக்கப் போன முதல் பெண் நீங்கள் என்பதையெல்லாம் என் கையில் தையல் பிரித்துக்கொண்டே ஒருமுறை சொன்னீர்கள். வலி தெரியாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியபோது, "எங்கே வலிக்கிறது" என்பதை அவரவர் மொழியில் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டீர்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் வலியோடு சிரிப்பார்கள்.

எனக்கு அப்போது உங்களைப் பிடிக்காது. நாலாவது லைனுக்கு நான் சூப்பர்வைசர். உங்களைவிட இரண்டு வயது சின்னவன், அதிகாரத்தில் மேலே என்று நினைப்பு. உங்கள் அறைக்குப் போன ஆள் அரை மணி நேரமானாலும் திரும்புவதில்லை. "மாத்திரையைக் குடுத்து அனுப்புங்க சிஸ்டர், படுக்க வெக்காதீங்க" என்று போனில் கத்துவேன். "படுத்தாதான் சார் எழுந்து வருவாங்க" என்பீர்கள். குரல் ஏறாது. அதுவே எனக்கு எரிச்சல்.

பத்து வருஷத்துக்கும் முந்தைய அந்தப் பங்குனியை இன்றைக்கு முழுதாக எழுதிவிடுகிறேன். நாலாவது லைனில், ரப்பர் ஒட்டுவதற்கு முன்னால் இரும்புத் துண்டுகளைக் கெமிக்கலால் துடைக்க வேண்டும். அந்த மேசைக்கு மேலே ஆவியை இழுத்து வெளியே தள்ள ஒரு ஃபேன் உண்டு; குழாய்க்குள்ளே இருப்பதால் ஓடுகிறதா நிற்கிறதா என்று கீழிருந்து தெரியாது. அதன் மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் வரும்வரை லைனை ஓட்ட வேண்டாம் என்றார் மெயின்டனன்ஸ்காரர். அனுப்ப வேண்டிய சரக்கு தேங்கிக் கிடந்தது. "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி ஓட்டினேன். மேலே யாருக்கும் சொல்லவில்லை.

நாலு நாளில் பெண்களுக்குத் தலைவலி, வாந்தி. அடிக்கடி வந்தவள் இசக்கி. சங்கரன்கோவில் பக்கமிருந்து காண்ட்ராக்டில் வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள், பத்தொன்பது வயது. வெயில், காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், வேறொன்றுமில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். ஏழாம் நாள் இசக்கியிடம், நடிக்கிறாயா என்றே கேட்டுவிட்டேன்.

"சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன் சார். நடிக்கலை சார், எங்கம்மா சத்தியமா" என்று அழுதாள் இசக்கி. அன்று மாலையே காண்ட்ராக்டரிடம், "அந்தப் பொண்ணு சரிப்படாது" என்று நான் சொன்னேன்.

மறுநாள் காலை டீ முடிந்ததும் நீங்கள் லைனுக்கு வந்தீர்கள். ஏப்ரனையும் கிளவுஸையும் மாட்டிக்கொண்டு இசக்கியின் காலி இடத்தில் நின்றீர்கள்.

"இன்னா சிஸ்டர், வேலை மாத்திக்கினீங்களா?" என்றேன்.

"ஏழு பேர் வந்துட்டாங்க சார். ஏழு பேரும் இந்த மேசை. நானும் நின்னு பார்க்கறேன்."

பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டுத் துடைத்தீர்கள். ஒரு மணி நேரம் இருக்கும். உங்கள் கண் சிவந்தது, நெற்றியைப் புறங்கையால் அழுத்திக்கொண்டீர்கள். போய்விடுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் ஸ்டூல் மேல் ஏறினீர்கள். பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் பஞ்சைக் கிள்ளி எடுத்து, ஃபேன் குழாயின் வாயருகே பிடித்து விட்டீர்கள். ஃபேன் இழுத்தால் பஞ்சு மேலே போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது மெதுவாக இறங்கி உங்கள் ஷூ மேல் விழுந்தது. லைன் முழுக்க அந்தப் பஞ்சைப் பார்த்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"எத்தினி நாளா சார்?"

"எட்டு நாளா."

நானே பட்டனை அழுத்தி லைனை நிறுத்தினேன். நீங்கள் பெண்களையெல்லாம் வெளியே காற்றாட உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தீர்கள். "இசக்கி எங்கே?"

"காண்ட்ராக்டர் ஊருக்கு அனுப்பறாரு."

"யார் சொல்லி?"

என் முகத்தைப் பார்த்ததும், "வண்டிய எடுங்க சார்" என்றீர்கள்.

ஒரகடம் கூட்டுரோட்டில், தாம்பரம் பஸ்ஸுக்காகப் பை மேல் உட்கார்ந்திருந்தாள். என் பைக் நிற்பதற்குள் இறங்கி ஓடினீர்கள். அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தீர்கள், நாடி பிடித்தீர்கள். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டீர்கள். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஃபேன் ஓடலம்மா. எனக்குத் தெரியும். உன்னைச் சொன்னது தப்பு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அப்போ வேலை இருக்கா சார்?" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்: "கீதும்மா. வா, ஆட்டோ புடிக்கலாம்."

திரும்பி வந்ததும் மேனேஜர் அறை வாசலில் என்னை நிறுத்தினீர்கள். "நான் சொன்னா உங்க மேல புகாராயிடும் சார். நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் இங்கியே உக்காந்துகினு கீறேன்." அதுவரை, என்னை மாட்டிவிடத்தான் இத்தனையும் செய்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, மதியச் சாப்பாடு சாப்பிடாமல் அதே பெஞ்சில் இருந்தீர்கள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "வாங்க, பிரஷர் பார்ப்போம்" என்றீர்கள். எகிறித்தான் இருந்தது. கட்டிலில் படுக்க வைத்தீர்கள். அன்றைக்கு அரை மணி நேரம் நானும் படுத்தேன்.

மோட்டார் வரும்வரை லைன் ஓடவில்லை. எனக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. இசக்கி வேலைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு பத்து வருஷம், நீங்கள் அந்த விஷயத்தை என்னிடமோ வேறு யாரிடமோ ஒருமுறைகூட எடுக்கவில்லை. என்னைப் பற்றி யாராவது கேட்டால், "அவரா, லைனை நிறுத்தத் தெரிஞ்ச மனுஷன்" என்பீர்களாம். அதை நான் கேள்விப்பட்டது உங்கள் அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்தில். சொன்னவள் இசக்கி. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "வருஷா வருஷம் என் பிறந்தநாளைக்குப் போன் போடுவாவ சார். வாழ்த்தைச் சொல்லுமுன்ன, தலைவலி உண்டான்னுதான் கேப்பாவ" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது நான் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் சூப்பர்வைசர்களுக்கு முதல் வகுப்பு என்னுடையது. படம் காட்டுவதற்கு முன்னால், அந்த எட்டு நாளில் நான் செய்ததைச் சொல்கிறேன். எதையும் குறைப்பதில்லை. போன மாதம் ஒருவர் எழுந்து, "இதைச் சொல்லிக்க உங்களுக்கு வெக்கமா இல்லியா சார்?" என்று கேட்டார். "கீதுப்பா. அதனாலதான் சொல்றேன்" என்றேன்.

அவர்தான் போன வாரம் போன் செய்தார். "சார், கண்ணு எரியுதுன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. லைனை நிறுத்திட்டேன். தப்பா?"

"தோ, வர்றேன்" என்று போனேன். நாற்பது நிமிஷம் எல்லாவற்றையும் பார்த்தோம். ஃபேன் ஓடியது, குழாயில் அடைப்பில்லை, கெமிக்கல் சரியாக இருந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் தூசி விழுந்திருந்தது, அவ்வளவுதான். அந்த சூப்பர்வைசருக்கு முகம் செத்துப்போயிற்று. லைன் நின்றதற்குக் காரணம் எழுதும் தாளை அவரிடமிருந்து வாங்கி, 'என் பொறுப்பில் நிறுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், சிஸ்டர்.

உங்கள்
சேகர்